கிரீன்ஸ்பர்க்கில் ஒரு மதியம்

போன வருடம் கான்சாஸ் மாநிலத்தைக் காரில் கடக்கும்போது கிரீன்ஸ்பர்க்கில் இறங்கினேன். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2007 மே 4 இரவு அடித்த சுழல்காற்றில் ஊரில் 95 சதவீதம் தரைமட்டமானது.

அதே வருடம் டிசம்பரில் நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. 4,000 சதுர அடிக்கு மேல் கட்டும் நகராட்சிக் கட்டடம் ஒவ்வொன்றும் லீட் பிளாட்டினம் தரத்தில், அதாவது பசுமைக் கட்டடச் சான்றிதழின் உச்சத் தரத்தில், இருக்க வேண்டும். அமெரிக்காவில் எந்த நகரமும் அதுவரை அப்படி முடிவெடுத்ததில்லை. மக்கள் தற்காலிக டிரெய்லர் வீடுகளில் குடியிருந்த நேரம் அது. தலைக்கு மேல் ஒரு கூரை வந்தால் போதும் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

பெரிய கிணறு அருங்காட்சியகத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் இதையே கேட்டேன். "எங்கள் தாத்தா காலத்தில் காற்றாடி வைத்துத்தான் தண்ணீர் இறைத்தார்கள். மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்தார்கள். இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. பசுமைக் கட்டடம் என்றால் பணக்கார ஊர்களின் ஆசை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்புறம் 5.4.7 கலை மையத்தைப் பார்த்தேன். சுழல்காற்று வந்த தேதிதான் பெயர். கான்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களே கட்டியது. பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையில் பிரித்தெடுத்த மரம், அதன்மேல் கண்ணாடிப் போர்வை, பக்கத்தில் மூன்று காற்றாலைகள். அந்த மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

*

ஒரு வாசகரின் பதில்: கிரீன்ஸ்பர்க் பற்றிய உங்கள் பதிவைப் படித்ததும் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம் நினைவுக்கு வந்தது. அங்கே கட்டடத்தைவிட, கட்டாமல் விட்ட இடம்தான் என்னை அசத்தியது. வீடுகள் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகின்றன, மேலே வெறும் பாறையும் பைன் மரங்களும். 5,750 அடி உயரத்துக்கு மேல் நகரத் தண்ணீர் கிடையாது என்று 1959இல் வாக்களித்து முடிவு செய்தார்களாம். தண்ணீர் இல்லாத இடத்தில் யார் மனை போடுவார்கள்! 1967இல் திறந்தவெளி நிலம் வாங்குவதற்காகவே தங்கள்மேல் விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள், 0.4 சதவீதம். அப்படிச் செய்த முதல் அமெரிக்க நகரம் அதுதான். காலையில் அந்த மலைப் பாதை ஒன்றில் நடந்தபோது என்னைத் தாண்டி ஓடியவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். கடைக்குப் போகும்போதெல்லாம் இந்த மலைக்கும் கொஞ்சம் கொடுத்தவர்கள்.