லைசன்ஸில் ஏற்கனவே 3 புள்ளி, இப்போது சிவப்பு விளக்குக் கடிதம் (இங்கிலாந்து): என்ன செய்வது?

புதுச்சாரதி:
வணக்கம். இலங்கையில் பல வருடம் வாகனம் ஓடியவன் நான். இங்கே மறுபடி தியரி, பிரக்டிக்கல் எல்லாம் செய்து முழு லைசன்ஸ் எடுத்தேன். 2 வருடம் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. போன வருடம் 20 மைல் வலயத்தில் 33இல் போனதற்கு 100 பவுண் தண்டமும் லைசன்ஸில் 3 தண்டப் புள்ளியும் விழுந்தன. இப்போது சிவப்பு விளக்கைத் தாண்டியதாகப் பொலிஸ் கடிதம். இதற்கும் 3 என்றால் மொத்தம் 6. 12 வந்தால்தானே லைசன்ஸ் போகும்? வேலையிடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இரவு வேலை, பஸ் இல்லாத நேரம்.

சுற்றுவட்டம்:
தம்பி, அந்த 12 கணக்கு உங்களுக்கு இல்லை. 3 வருடத்துக்குள் 12 சேர்ந்தவரை நீதிமன்றம் வழக்கமாகக் குறைந்தது 6 மாதம் தடை செய்யும்; வேலை, பிள்ளைகள் என்று கஷ்டத்தைச் சொல்லி வாதாடவும் அங்கே வழி உண்டு. முதல் டெஸ்ட் பாஸ் பண்ணி 2 வருடத்துக்குள் இருப்பவருக்கு எல்லை 6தான். 1995இல் வந்த புதிய சாரதிகள் சட்டம் அது. 6 ஆனதும் லைசன்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏ அதை இரத்துச் செய்துவிடும், கஷ்டத்தைச் சொல்லி அதைத் தடுக்க முடியாது. பிறகு பழகுநர் லைசன்ஸ், எல் பலகை, தியரி, பிரக்டிக்கல் எல்லாம் முதலிலிருந்து. இலங்கையில் ஓடிய வருடங்கள் இதில் சேராது.

புதுச்சாரதி:
நெஞ்சு பதறுகிறது அண்ணா. தண்டத்தைக் கட்டாமல் அந்த 2 வருடம் முடியும் வரை இழுத்தால் தப்பலாமா? இல்லையென்றால், தான் ஓடியதாக எழுதித் தருகிறேன் என்று மச்சான் சொல்கிறார். அவருக்கு ஒரு புள்ளியும் இல்லை.

தேம்ஸ்கரை அக்கா:
மச்சான் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். கிறிஸ் ஹூன் என்று ஒரு அமைச்சர் இருந்தார். 2003இல் அவருக்கு வந்த வேகப் புள்ளியை மனைவி தன் பெயரில் ஏற்றார். பத்து வருடம் கழித்து, 2013இல், இருவருக்கும் 8 மாதச் சிறை. 3 புள்ளிக்காக நடந்தது அவ்வளவும். உங்கள் மச்சானும் உள்ளே போவார்.

இழுத்தடிப்பதும் உதவாது. தவறு நடந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். கட்டிய தேதியையோ தீர்ப்பு வந்த தேதியையோ அல்ல. உங்கள் தேதி 2 வருடத்துக்குள் விழுந்துவிட்டது.

சுற்றுவட்டம்:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. அந்த உறைக்குள் “ஓடியவர் யார்” என்று கேட்கும் படிவம் இருக்கும். அதை 28 நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். பயத்தில் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் போடாவிட்டால் அந்தக் குற்றத்துக்கே 6 புள்ளி, சிவப்பு விளக்குக்கு 3 மட்டும்தான்!

முதலில் கமராவில் விழுந்த படத்தைப் பொலிஸிடம் கேட்டுப் பாருங்கள். முன் சக்கரம் நிறுத்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, சிவப்பு விழுந்து எத்தனை விநாடி என்பதைக் கவனியுங்கள். நீங்கள்தான் ஓடியது என்றால் அப்படியே எழுதுங்கள். அதன் பிறகு சில இடங்களில் புள்ளிக்குப் பதிலாகச் சாரதிகளுக்கான வீதிப் பாதுகாப்பு வகுப்புக்கு அழைப்பார்கள். வேகத்துக்கு இருப்பது போல சிவப்பு விளக்குக்கும் உண்டு. கொடுப்பதும் விடுவதும் பொலிஸின் விருப்பம், ஆனால் வந்தால் யோசிக்காமல் எடுங்கள். கட்டணம் உங்களுடையது, புள்ளி ஏறாது.

புதுச்சாரதி:
வகுப்பு வராமல் 3 புள்ளிதான் என்று வந்தால்?

தேம்ஸ்கரை அக்கா:
ஏற்றுக்கொள்ளும் முன் போக்குவரத்து வழக்குப் பார்க்கும் ஒரு சட்டத்தரணியிடம் கடிதத்தைக் காட்டுங்கள். படத்தில் சந்தேகம் இருந்தால் நீதிமன்றம் போகலாம். ஆனால் தோற்றால் தண்டம் 1,000 பவுண் வரை ஏறலாம், அதனால் வீம்புக்குப் போகாதீர்கள். இரத்தான கடிதம் வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தனியாக ஓடக்கூடாது. காப்புறுதியும் செல்லாது, பிடிபட்டால் அதற்கு வேறு 6 முதல் 8 புள்ளி.

புதுச்சாரதி:
படிவத்தில் என் பெயரையே எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். படத்தையும் கேட்டிருக்கிறேன். நன்றி அக்கா, அண்ணா.

சுற்றுவட்டம்:
தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தம்பி. வகுப்புக்குத் தேதி கொடுத்தால் அதற்குள் முடிக்க வேண்டும், தவறினால் விஷயம் மறுபடி புள்ளிக்கே போய்விடும்.