இலை ரேட்டும் நோட்டாவும்

குழு: மேல் வீதி பேமிலீஸ், கோத்தகிரி

சுரேஷ்: இந்த தடவ நான் நோட்டாதான், முடிவு பண்ணிட்டேன். கொடி கட்டுன ஜீப்பு இன்னிக்கும் வந்துச்சு, நம்ம தேயிலை இலை ரேட் பத்தி ஒரு வார்த்த இல்ல, அடுத்த கட்சிக்காரன திட்டிட்டு டீ குடிச்சிட்டு கெளம்பிட்டானுங்க

செல்வி அக்கா: குடிச்ச டீக்காவது காசு குடுத்தாங்களா

சுரேஷ்: அதுவும் இல்லக்கா 😂

போஜன் அண்ணா: தம்பி நோட்டாவ நாங்க 2014லயே பாத்துட்டோம். பிஜேபி மனு தள்ளுபடி ஆச்சே அந்த எம்பி எலக்‌ஷன். நீலகிரில நோட்டாவுக்கு 46,559 ஓட்டு, மூணாவது இடம், நாட்டுலயே அதிகம்னு பேப்பர்ல எல்லாம் போட்டான். அப்புறம் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல

சுரேஷ்: நோட்டா முதல்ல வந்தா மறுபடி எலக்‌ஷன் வைப்பாங்க இல்ல?

ஜெனிபர் டீச்சர்: எம்பி எம்எல்ஏ எலக்‌ஷன்ல கிடையாதுப்பா. அடுத்து யாரு அதிகமா வாங்குனாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க. 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லி வந்த பட்டன், கோவத்த காட்டலாம், ஆள தடுக்க முடியாது

மூர்த்தி மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அட்மின்: மாமா கட்சி பார்வேர்டு வேணாம்னு எத்தன தடவ சொல்றது 🙏

ஜெனிபர் டீச்சர்: சுரேஷ், வேட்பாளருங்க குடுக்குற பார்ம் 26 அபிடவிட் பாரு. கேஸ், சொத்து, படிப்பு எல்லாம் எழுதிதான் குடுக்கணும், தேர்தல் கமிஷன் ஆப்லயே வரும்

சுரேஷ்: பாத்தேன் டீச்சர். பாத்த பிறகுதான் யாருக்கும் போட தோணல

போஜன் அண்ணா: 😂😂 ஆனா ஒண்ணு, நம்ம எம்பி தொகுதில ஆறு அசெம்பிளி. ஊட்டி குன்னூர் கூடலூர் மேல, மேட்டுப்பாளையம் அவிநாசி பவானிசாகர் கீழ. அவிநாசில போய் கொழுந்து வெல பேசுனா எவன் கேப்பான், அதனால ரெண்டு பக்கமும் ஒத்து வர்ற மாதிரி பொதுவா எதையாச்சும் பேசிட்டு போறான். எம்எல்ஏகிட்ட கேட்டா டீ போர்டு டெல்லி கையிலம்பாரு, எம்பிகிட்ட கேட்டா கூட்டுறவு டீ பேக்டரி மாநிலத்துதும்பாரு. நாம நடுவுல குன்னூர் ஏலத்துல டீத்தூள் வெல ஏறுதா எறங்குதானு பாத்துட்டு உக்காந்துருக்கோம்

மூர்த்தி மாமா: கவர் குடுக்க மட்டும் வீடு கரெக்டா தெரியும்

செல்வி அக்கா: மாமா நீங்க வாங்கல?

மூர்த்தி மாமா: நெட்வொர்க் சரியில்லமா

செல்வி அக்கா: 😂 எங்க வீட்ல நோட்டா பேச்சே எடுக்க முடியாது. பாட்டியோட அப்பா சிலோன்ல 1947 எலக்‌ஷன்ல ஓட்டு போட்டவரு, அடுத்த வருஷமே தோட்டத்து ஆளுங்க குடியுரிமைய புடுங்கிட்டாங்க, அதோட ஓட்டும் போச்சு. தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புன சாஸ்திரி ஒப்பந்தத்துல இங்க வந்து, அரசு தேயிலை தோட்டம் டேன்டீல கொழுந்து எடுத்து, பேரு லிஸ்ட்ல வந்தப்பறம் பாட்டி ஒரு எலக்‌ஷன் விட்டதில்ல. ஆளு சரியில்லனு அதுக்கே தெரியும், திட்டிக்கிட்டே போய் போட்டுட்டு வரும்

சுரேஷ்: யாருக்கு போடும்?

செல்வி அக்கா: அத தாத்தாகிட்டயே சொன்னதில்ல

போஜன் அண்ணா: சரி அடுத்த ஜீப்பு வந்தா ஒரே கேள்வி கேப்போம். இலைக்கு கட்டுப்படியான வெலனு எல்லாரும் தேர்தல் அறிக்கையில எழுதுறீங்களே, ஏலத்துல வெல உழுந்தா மிச்சத்த யாரு குடுப்பா, எந்த பணத்துல?

மூர்த்தி மாமா: மைக் குடுக்க மாட்டான்

போஜன் அண்ணா: டீ நம்ம கடையிலதானே குடிக்கிறான், அங்க கேப்போம்

சுரேஷ்: அண்ணா நாளைக்கு இலை லாரி எத்தன மணிக்கு?