புதுப்பிப்பு: இரும்பு அயனியில் 4எஸ் முதலில் காலியாவது ஏன்?

எலெக்ட்ரான்கள் முதலில் நிரம்பும் 4எஸ் ஆர்பிட்டால், அணு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகும்போது முதலில் காலியாவது ஏன் என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்னவர்களுக்கு நன்றி. விஷயம் பிடிபட்டுவிட்டது. ஸ்காண்டியத்திலிருந்தே 3டி ஆர்பிட்டால் ஆற்றலில் 4எஸ்-க்குக் கீழே இறங்கிவிடுகிறதாம். அதனால் வெளிக்கூட்டில் இருக்கும் 4எஸ்தான் முதலில் கழலும். நிரப்பும் வரிசையை அப்படியே பின்னோக்கி ஓட்டினால் வம்புதான்.

இரும்பின் 3டி⁶4எஸ்²-இல் (மேலே இருப்பது எலெக்ட்ரான் எண்ணிக்கை) மூன்று எலெக்ட்ரான் போனால் 3டி⁵. ஐந்தும் இணை சேராதவை. இணை சேராதவற்றின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் காந்தத் திருப்புத்திறன் √(5×7) = √35, அதாவது 5.92 போர் மாக்னெட்டான் (அதன் அலகு). 3டி-யிலிருந்தே மூன்றையும் எடுத்து 3டி³4எஸ்² என்று வைத்தால், இணை சேராதவை மூன்றுதான், 3.87தான் வரும். மூன்று எலெக்ட்ரான் இழந்த இரும்பு அயனி உள்ள உப்பான ஃபெரிக் ஆலத்தில் அளந்தால் கிடைப்பது ஏறக்குறைய 5.9. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

குரோமியம் இன்னும் சுலபம்: 3டி⁵4எஸ்¹, மூன்று போனால் 3டி³.

அதே இரும்பு அயனியோடு சயனைடு சேர்ந்த ஃபெர்ரிசயனைடில் அதே 3டி⁵ இருந்தும் இணை சேராதது ஒன்றே ஒன்று. மற்றவற்றை இணை சேரவைத்தது சயனைடு பார்த்த வேலை. எலெக்ட்ரான் அமைப்பை 3டி⁵ என்று எழுதுவதில் மாற்றமில்லை.