ரெண்டரிங்குக்கு 'தீட்டல்'னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

கேம் செய்யுறதுல வர்ற ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் தமிழ்ப் பேரு தேடிட்டிருக்கோம் இல்லையா, அதுல கேம் எஞ்சினுக்கு, அதாவது கேமை உருவாக்கி ஓட்டுற மென்பொருளுக்கு, 'ஆட்டப்பொறி'ன்னு குழுவுல அண்ணன் சொன்னதுக்கு எனக்கு முழுச் சம்மதம். தேடுபொறி ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, 'இயக்கி'ன்னு போட்டா டிரைவர் மென்பொருளோட மோதும். ஆனா ரெண்டரிங்குக்கு, அதாவது கேமோட படத்தைக் கணினி கணக்குப் போட்டு வரையுறதுக்கு, 'காட்சிப்படுத்தல்'னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க, அது புள்ளிவிவரத்தைப் படமா போட்டுக் காட்டுறதுக்குப் போயிடுச்சு, அதோட இருக்கிற ஒண்ணை எடுத்துக் காட்டுற மாதிரியும் கேக்குது. இங்க காட்டுறதுக்குப் படம்னு எதுவுமே இல்லையே! பொருள்களோட வடிவமா முக்கோணங்கள், அதுங்க மேல ஒட்டுற டெக்ஸ்சர், விளக்கு எங்க, கேமரா எங்க பாக்குது, இவ்வளவுதான் பொறி கையில இருக்கு. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படம்னா ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிறது சுமார் 16.7 மில்லிசெகண்ட், அதுக்குள்ள எது கண்ணுக்குத் தெரியும், வெளிச்சம் எங்க விழும், நிழல் எவ்வளவு மங்கும்னு எல்லாம் கணக்குப் போட்டு புதுசா வரைஞ்சாகணும், அடுத்த ஃபிரேமுக்கு மறுபடி முதல்லேருந்து. நேரம் பத்தாததால எதை ஒழுங்கா கணக்குப் போடுறது எதை ஒப்பேத்துறதுன்னு ஒவ்வொரு பொறியும் ஒரு முடிவு எடுக்குது, கிராஃபிக்ஸ் வேறுபடுறதே அங்கதான்.

சமூக மன்றத்துல பசங்களுக்கு கேம் பண்ண சொல்லிக் குடுக்கும்போது இதைக் கண்ணால பாத்தோம். ஒரு பையன் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கோட வாய்ட் டெக்கை, அதாவது கீழ்த்தளத்துத் திறந்த இடத்தை, அப்படியே செஞ்சிருந்தான், கல்மேசை, சதுரங்கக் கட்டம், தபால் பெட்டி வரிசை எல்லாம் இருக்கு. கோடோ 4-ங்கிற ஆட்டப்பொறியில திறந்தா கூரைக்குக் கீழ முழுக்க ஒரே சாம்பல் பூச்சு, தூண் எங்க முடியுது சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. எதிரொளியைக் கணக்குல எடுக்கிற வசதியைப் போட்டுவிட்டதும் வெளிப் புல்தரையில பட்ட வெயில் திரும்பி வந்து கூரை அடியில லேசா பச்சை பூசுது, கல்மேசைக்கு அடியில இருட்டு சேருது. மாடலை அவன் தொடவே இல்ல. 2022-ல வந்த அன்ரியல் 5 ஆட்டப்பொறியில இதே வேலைய லூமன்ங்கிற வசதி செய்யுது, புது புராஜெக்ட்ல அது தானாவே ஆன் ஆகி இருக்கும், கோடோவுல நாமதான் போடணும். இப்படிச் சின்ன முடிவுகூட படத்தை மாத்திடுது.

இதுக்கு 'தீட்டல்'தான் பொருந்தும்னு நினைக்கிறேன், ஓவியம் தீட்டுறோம்னுதானே சொல்றோம். குடும்பமும் பெருசா விரியுது: ரெண்டரர்னா தீட்டி, ரியல் டைம்னா நிகழ்நேரத் தீட்டல், சினிமாவுல ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கா எடுக்கிறது முன்தீட்டல். வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கிற லைட் பேக்கிங்குக்கு குழுவுல அக்கா 'ஒளிப்பதிவு'ன்னாங்க, அது கேமராக்காரங்களுக்கு எப்பவோ சொந்தமாயிடுச்சு. 1996-ல வந்த குவேக் கேம்லயே அசையாத விளக்குகளோட வெளிச்சத்தை முன்னாடியே கணக்குப் போட்டு சுவர்ல ஒட்டி வச்சாங்க, அதை 'ஒளி முன்தீட்டல்'னு சொன்னா என்ன நடக்குதுன்னு பேரே சொல்லிடும்.

'தீட்டு'ன்னா வேற அர்த்தம் இருக்கேன்னு ஒருத்தர் தயங்கினார். தீட்டல்னு தொழிற்பெயரா வரும்போது அந்த நினைப்பு யாருக்கும் வராது, திட்டம் தீட்டுறப்ப வருதா? நம்ம ஊர்ல டிஜிட்டலுக்கு 'மின்னிலக்கம்' எவ்வளவு இயல்பா வந்துடுச்சு பாருங்க, செய்தியில கேட்டா யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.

ஷேடருக்கு 'நிழலி' மட்டும் வேண்டவே வேண்டாம். நிழல் அதோட வேலைகள்ல ஒண்ணு, அவ்வளவுதான். பிக்சலோட நிறத்தை முடிவு பண்றதும் ஷேடர், புல்லு காத்துல ஆடுற மாதிரி முக்கோண முனைகளை நகத்துறதும் ஷேடர், எல்லாமே கிராஃபிக்ஸ் கார்டுல ஓடுற குட்டி நிரல்தான். அதனால 'தீட்டுநிரல்'. புது எஃபெக்ட் வரும்போது கேம் ஒரு நொடி திக்குறதை 'தீட்டுநிரல் தொகுக்கிறதால (கம்பைல் பண்றதால) வர்ற திக்கல்'னு ஒரே வாக்கியத்துல பசங்களுக்குச் சொல்லிடலாம்.

ஃபிரேம்தான் இன்னும் பிடிபடல, 'சட்டகம்' ஃபிரேம்வொர்க்குக்கும் ஓடுது. 'படச்சட்டம்' எப்படி இருக்கு, சொல்லுங்க.