இருமினால் சிறுநீர் கசிகிறது: அறுவை சிகிச்சைதான் வழியா?

கேள்வி:
என் அம்மாவுக்கு வயது 58. மூன்றும் சுகப்பிரசவம். இருமினாலும், தும்மினாலும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. இதை இரண்டு ஆண்டுகளாக மறைத்து வந்திருக்கிறார். கொடியில் காயும் பழைய புடவைத் துண்டுகளைப் பார்த்து நான் கேட்டிராவிட்டால் இன்னமும் சொல்லியிருக்க மாட்டார். பேருந்தில் போக வேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கருப்பை இறங்கியிருக்கும், அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டும் என்கிறார் பெரியம்மா. அது உண்மையா?

மறுமொழி 1:
நான் இயன்முறை மருத்துவர். நீங்கள் சொல்வது அழுத்தத்தால் வரும் கசிவு போலத் தெரிகிறது. பிரசவத்தாலும் வயதாலும் சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருந்தால், வயிற்றில் திடீரென அழுத்தம் கூடும்போது சிறுநீர்க்குழாய் இறுக மூடிக்கொள்ள முடிவதில்லை. கருப்பை இறங்கியிருக்கிறதா என்பதை மகளிர் மருத்துவர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். எப்படியிருந்தாலும், இத்தகைய கசிவுக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் எழுதி, அவர் பெயராலேயே அறியப்படும் பயிற்சி அது. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் அத்தசைகளை உள்ளே இழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, பிறகு முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் தொடையையும் இறுக்குகிறார்கள், அதனால் பயனில்லை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் கூடாது. தும்மல் வரும் கணத்தில் முன்கூட்டியே அத்தசையை இறுக்கிக்கொள்ளப் பழகினால் கசிவு குறையும். இவற்றால் பலன் கிடைக்காதபோதுதான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

மறுமொழி 2:
எனக்கு இருந்தது வேறு வகை. வீட்டு வாசலில் சாவியைக் கையில் எடுத்தாலே அடக்க முடியாத அவசரம் வந்து, கழிவறைக்குள் நுழைவதற்குள் நனைந்துவிடும். மூன்று நாள்கள் குடித்த அளவையும் சிறுநீர் கழித்த நேரத்தையும் நோட்டில் எழுதி வரச் சொன்ன மருத்துவர், இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடங்களாகக் கூட்டிக்கொண்டே போகும்படி பழக்கினார். மாத்திரையும் தந்தார், அவசரம் தணிந்தது, ஆனால் வாய் வறண்டு மலச்சிக்கலும் வந்தது. தண்ணீரைக் குறைக்கும் தவறை நானும் செய்தேன். சிறுநீர் அடர்ந்து எரிச்சல்தான் கூடியது. காப்பியைக் குறைத்ததில் பலன் தெரிந்தது.

மறுமொழி 3:
பயிற்சியைத் தொடங்கும்போதே சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். ஒன்று கேட்க வேண்டும்: அம்மாவுக்கு இருமல் எதனால் வருகிறது? இரத்த அழுத்தத்துக்கான எனாலாப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும்.

கேள்வி கேட்டவர்:
மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், எனாலாப்ரில்தான். வறட்டு இருமலைத் தூசியால் வருகிறது என்றே நினைத்திருந்தோம். மாத்திரையை நாங்களாக நிறுத்தப் போவதில்லை. திங்கட்கிழமை மருத்துவரிடம் அட்டையோடு போகிறோம். நோட்டில் அம்மா இன்று காலையிலிருந்தே எழுதத் தொடங்கிவிட்டார்.