உடம்பு நோவை ஆங்கிலத்தில் சொல்வது: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கடையிலோ பஸ்ஸிலோ ஆங்கிலம் தடுமாறினால் விரலைக் காட்டிச் சமாளித்துவிடலாம். டாக்டர் விஷயத்தில் முடியாது, ஏனென்றால் இங்கே முதல் பேச்சு பெரும்பாலும் போனில்தான். ஊரில் ஆங்கில மீடியத்தில் படித்தவர்களும் இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்க்கலாம். தமிழில் ஒரே சொல் நிற்கிற இடத்தில் ஆங்கிலம் இரண்டு மூன்று சொல் வைத்திருக்கிறது. நாம் அதில் தவறான ஒன்றை எடுத்துவிடுகிறோம்.

முதலில் உடம்பின் பாகங்கள். நமக்குத் தொடையிலிருந்து பாதம் வரை எல்லாம் கால். ஆங்கிலத்தில் கணுக்காலுக்குக் கீழே ஃபுட், மேலே லெக். பாதம் வீங்கியிருக்க "மை லெக் இஸ் ஸ்வோலன்" என்றால் டாக்டர் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று யோசிக்கத் தொடங்குவார். கையும் அப்படித்தான்: மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், மேலே ஆர்ம். மிக அதிகமாகத் தவறுவது இடுப்பு. நாம் "இடுப்பு வலி" என்பது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதி. அதற்கு லோயர் பேக். "ஹிப் பெயின்" என்றால் தொடை எலும்பு சேரும் மூட்டு. போனில் ஹிப் என்று சொல்லிவிட்டால் குறிப்பில் அப்படியே ஏறிவிடும், கேட்கும் கேள்விகளும் அந்த மூட்டைப் பற்றியே இருக்கும்.

அடுத்தது "சிக்". ஊரில் காய்ச்சல், அசதி எல்லாவற்றுக்கும் சிக் என்போம். பிரிட்டனில் "ஐ ஃபீல் சிக்" என்றால் குமட்டுகிறது. "ஐ'வ் பீன் சிக்" என்றால் வாந்தி எடுத்துவிட்டேன். பொதுவாக உடம்பு சரியில்லை என்பதற்கு "ஐ'ம் நாட் வெல்" போதும். குழந்தைக்கு "ஷீ'ஸ் பூர்லி" என்பார்கள். அது ஏழ்மை இல்லை, உடம்பு முடியவில்லை என்பதுதான். காய்ச்சலுக்கு "டெம்பரேச்சர்" என்ற சொல்லே புழக்கத்தில் அதிகம். தெர்மாமீட்டர் அளவை செல்சியஸில் சொல்லுங்கள்: 38-ம் அதற்கு மேலும் காய்ச்சல். ஊர்க்கணக்கில் அது 100.4.

மயக்கம் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அறையே சுற்றுவது போலிருந்தால் "த ரூம் இஸ் ஸ்பின்னிங்". எழுந்து நிற்கையில் கண் இருட்டிக்கொண்டு வந்தால் "லைட்ஹெடட்". நினைவு தப்பி விழுந்தே விட்டால் "ஐ பாஸ்ட் அவுட்". மூன்றுக்கும் டாக்டர் தேடும் காரணம் வேறு என்பதால் "கிட்டினெஸ்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மூச்சு விஷயமும் அப்படி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பது "ஐ கெட் அவுட் ஆஃப் பிரெத்". "ஐ கான்ட் பிரீத்" என்றால் ஆம்புலன்ஸ் அவசரம். உண்மையிலேயே அப்படியிருந்தால் மட்டும் சொல்லுங்கள், அப்போது தயங்காமல் சொல்லுங்கள்.

சாப்பிட்டபின் நெஞ்சு கரித்தால் "ஹார்ட்பர்ன்". அதைச் "செஸ்ட் பெயின்" என்றால் அவசர எண்ணான 999-ஐக் கூப்பிடச் சொல்வார்கள். ஆனால் நெஞ்சை இறுக்கி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் வாய்ஸ்கால், வாட்ஸப் எதுவும் வேண்டாம், நேராக 999. கேஸ் ட்ரபிளுக்கு இங்கே "விண்ட்", அடைத்துக்கொண்டால் "டிராப்ட் விண்ட்". லூஸ் மோஷன் ரிசப்ஷனில் புரியாமல் போகலாம். "டயரியா" என்றால் சந்தேகமில்லை. உடம்புச் சூட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. "பாடி ஹீட்" என்றால் காய்ச்சல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சூட்டால் என்ன ஆகிறதோ அதைச் சொல்லுங்கள்: நீர்க்கடுப்பானால் "இட் பர்ன்ஸ் வென் ஐ வீ", வாய்ப்புண் என்றால் "மவுத் அல்சர்".

வலியின் குணத்தைச் சொல்வதில் நம் மொழி மிக நுட்பமானது. அந்த நுட்பத்தை "பெயினிங், பெயினிங்" என்று கரைத்துவிடுவது எனக்குத் தாங்காது. குத்துது: ஸ்டாபிங். எரியுது: பர்னிங். விண்விண்ணென்று தெறிக்குது: த்ராபிங். சுருக்கென்று இடுப்பிலிருந்து கால் வரை இறங்குது: ஷூட்டிங். முறுக்கிப் பிழியுது: கிராம்ப். குடைச்சலுக்குச் சரியான ஜோடி இல்லை, "டல் ஏக்" நெருங்கி வரும். மரத்துப்போச்சு: "நம்" (numb). எறும்பு ஊறுவது போலிருந்தால் "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்". விட்டுவிட்டு வந்தால் "இட் கம்ஸ் அண்ட் கோஸ்". இரவில் தூக்கத்தைக் கலைத்தால் "இட் வேக்ஸ் மீ அப்". டாக்டர் காது கொடுத்துக் கேட்கும் வாக்கியம் அது.

எத்தனை நாளாக என்பதில் "சின்ஸ்", "ஃபார்" இரண்டும் குழம்பும். தமிழிலேயே விடை இருக்கிறது. "மூணு வாரமா" என்றால் ஃபார்: "ஃபார் த்ரீ வீக்ஸ்". "திங்கட்கிழமையிலிருந்து" என்றால் சின்ஸ்: "சின்ஸ் மண்டே". "ரெண்டு நாளைக்கு முன்னாடி" என்பது "பிஃபோர் டூ டேஸ்" இல்லை, "டூ டேஸ் அகோ".

போன் செய்யும் முன் ஒரே வாக்கியம் எழுதி வையுங்கள்: எங்கே, என்ன, எத்தனை நாள், கூடுகிறதா குறைகிறதா. "ஐ'வ் ஹேட் எ ஷார்ப் பெயின் இன் மை லோயர் பேக் ஃபார் த்ரீ வீக்ஸ், அண்ட் இட்ஸ் கெட்டிங் வர்ஸ்." ரிசப்ஷனிஸ்ட் "கேன் ஐ ஆஸ்க் வாட் இட்ஸ் அபவுட்?" என்று கேட்பது வம்புக்கு இல்லை, டாக்டரா, நர்ஸா, பார்மசிஸ்டா என்று பிரித்து அனுப்பத்தான். கூச்சமான விஷயமென்றால் "இட்ஸ் பர்சனல்" என்று சொல்லலாம், தப்பில்லை. டாக்டரின் கிளினிக்குக்குப் பெயரே சர்ஜரி. ஆபரேஷன் என்று பதற வேண்டாம். உள்ளே போனதும் "ஹவ் ஆர் யூ?" என்பார். பள்ளியில் படித்த பழக்கத்தில் "ஃபைன், தேங்க் யூ" என்று வாய் தானாக முந்தும். அதைச் சொன்னாலும் உடனே எழுதி வைத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். நேரம் சுமார் 10 நிமிடம்தான்.

அவர்கள் பேசுவதும் பாடப்புத்தக ஆங்கிலம் இல்லை. "பாப் யுவர் ஸ்லீவ் அப்", "பாப் ஆன் த கவுச்" என்று எதற்கும் பாப் போடுவார்கள். சட்டைக் கையை மடியுங்கள், பரிசோதனைக் கட்டிலில் ஏறுங்கள் என்று பொருள். ஊசி போடுமுன் நர்ஸ் "ஷார்ப் ஸ்க்ராட்ச்" என்பார். "ஹேவ் யூ ஓப்பண்ட் யுவர் பவல்ஸ்?" என்றால் வெளிக்கு இருந்தீர்களா. "பாஸிங் வாட்டர்", "வாட்டர்வொர்க்ஸ்" சிறுநீர் சம்பந்தம். "பேக் பேசேஜ்" ஆசனவாய். "ஆர் யூ ஆன் எனிதிங்?" என்றால் தொடர்ந்து ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா. மருந்தின் ஊர் பிராண்ட் பெயரைச் சொல்லாமல் அட்டையிலுள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லுங்கள்; டோலோ இங்கே யாருக்கும் தெரியாது, பாராசிட்டமால் எல்லோருக்கும் தெரியும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: 7 நாள் வரை லீவுக்கு டாக்டர் கடிதம் தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் "ஃபிட் நோட்". பழைய ஆட்கள் இன்னும் "சிக் நோட்" என்பார்கள். 2010-ல் பெயர் மாறிவிட்டது.

வாசகர் பதில் 1

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில. "ஆஃப் ஹர் ஃபூட்" (பாதமில்லை, சாப்பாடு) என்றால் சரியாகச் சாப்பிடவில்லை. "ஹவ் மெனி வெட் நாப்பீஸ்?" (எத்தனை டயப்பர் நனைந்தது) என்று கட்டாயம் கேட்பார்கள், நீர்ச்சத்து வற்றியிருக்கிறதா என்று அறிய, எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். "இஸ் ஹீ ஃப்ளாப்பி?" என்பது குழந்தை துவண்டு தொய்ந்து கிடக்கிறதா என்ற கேள்வி, அப்படியிருந்தால் தெளிவாக "யெஸ்" சொல்லுங்கள். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 வந்தாலே, வயதை முதலில் சொல்லி உடனே சர்ஜரிக்கோ மருத்துவ ஆலோசனை எண்ணான 111-க்கோ போன் செய்யவேண்டும். தடிப்பு கண்டால் கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் "த ராஷ் டஸின்ட் ஃபேட்" என்று 999-ல் சொல்லுங்கள். நம் நிறத்தில் சரியாகத் தெரியாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்காலையும் பாருங்கள்.

வாசகர் பதில் 2

ஆங்கிலம் வராத அம்மா அப்பாவுக்கு: அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே "ஷீ நீட்ஸ் எ டமில் இன்டர்பிரிட்டர், ப்ளீஸ்" என்று கேளுங்கள். இங்கத்தைய அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்ஸில் இதற்குக் காசு கட்ட வேண்டாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கர்ப்பப்பை, மூலம் பற்றியெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முன்னால் அம்மா வாய் திறக்கமாட்டார்.

மொழிபெயர்ப்பாளர் வந்ததும் நீங்கள் தமிழ்நாடா இலங்கையா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். எங்கட இலங்கை ஆக்கள் சத்தி எண்டா வாந்தி, தடிமன் எண்டா சளி, தலையிடி எண்டா தலைவலி. கை விறைச்சுப் போச்சு எண்டு யாழ்ப்பாணத்தார் சொன்னால் மரத்துப்போச்சு எண்டு அர்த்தம், ஆனா தமிழ்நாட்டுக்காரர் அதை மடக்க ஏலாமல் இறுகிப்போச்சு எண்டு விளங்கிக்கொள்ளக்கூடும். ஆங்கிலத்தில் முன்னது "நம்" (numb), பின்னது "ஸ்டிஃப்". சந்தேகமெண்டால் ஊசியால தொட்டால் தெரியுதா இல்லையா எண்டு சொல்லிவிடுங்கோ.