தாஸ் கடை: எஸ் ஒன்றா, இரண்டா?

குன்னூரில் டீத்தூள், சாக்லேட் கடை வைத்திருக்கிறேன். புது போர்டில் பெயின்டர் அண்ணன் 'சாக்லேட்ஸ்' எழுதும்போது கடைசி எஸ்ஸுக்கு முன்னால் ஒரு அப்பாஸ்ட்ரஃபியை (எழுத்துக்கு மேலே போடும் குட்டிக் கமா) தூக்கி வைத்துவிட்டார். கேட்டால், "சிம்ஸ் பார்க்குக்குப் போடுறாங்களே!" என்கிறார். அது சிம் என்பவர் பெயரில் 1874ல் வந்த பூங்கா. 'சிம்முடைய' என்பதற்கு அது வேண்டும். வெறும் பன்மைக்கு எதற்கு? நானே துடைத்துவிட்டேன் (ஈரப் பெயின்ட், சட்டையெல்லாம் மஞ்சள்).

கவரில் 'ஃப்ளேவர்' யு இல்லாமல் அச்சாகி வந்திருக்கிறது. அமெரிக்க வழக்கம்தானே, கிடக்கட்டும்.

சிக்கல் கடைப் பெயரில். தாத்தா பெயர் தாஸ், எஸ்ஸிலேயே முடிகிறது. 'தாஸுடைய' என்று வர, அப்பாஸ்ட்ரஃபியோடு நிறுத்தணுமா, இன்னொரு எஸ்ஸும் போடணுமா? இங்கிலீஷ் டீச்சர்கள் யாராவது இன்றைக்கே சொல்லுங்க. நாளைக்கு அண்ணன் கோத்தகிரி வேலைக்குப் போயிடுவார்.